அவர் மட்டும் காரில்

செப்டம்பர் 9, சனி

இன்று பறந்தேன். வரிசையில் நின்று செருப்பைக் கழற்றிக் காட்டிவிட்டு ஏறும் பெரிய விமானம் இல்லை. நாலே நாலு பேர் உட்காரும் குட்டி விமானம். ஓட்டியவர் சித்து அண்ணா. சிதம்பரநாதன் என்று கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். என் வீட்டுக்காரர் மௌலிக்கு ஆபீசில் மேலதிகாரி. எங்கள் கிரீன் கார்டு ஃபைல் நகர வேண்டுமானால் இவர் மனசு வைக்க வேண்டும். சனி ஞாயிறு வந்தால் சொந்த விமானத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த விமானத்துக்கு என்னைவிட வயது அதிகம்.

போனது தேனுவுக்காக. என் தங்கை தேன்மொழி லப்பக்கில் இருக்கிறாள். எங்கள் ஃபிரிஸ்கோவிலிருந்து காரில் ஆறு மணி நேரம். அவளுக்கு ஐந்து மாதம் முடிந்து ஆறாவது நடக்கிறது. படுக்கையைவிட்டு அதிகம் எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. தேனுவின் வீட்டுக்காரர் செய்வதைச் சமையல் என்று சொல்ல வாய் வராது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மௌலிக்கு முதுகு வலி, காரில் ஆறு மணி நேரம் தாங்காது. பறந்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அண்ணாவே வலிய வந்து கூட்டிப் போவதாகச் சொன்னாராம்.

மௌலி கொண்டுவந்து விட்டார். "நீங்களும் வாங்க, பின்னாடி ரெண்டு சீட்டு காலியாத்தான இருக்குது" என்றேன்.

"நான் ஏறுனா எடை கூடிரும் மங்கை. சின்ன பிளேன்" என்றார்.

மாவு டப்பா, புளிக்காய்ச்சல், ரெண்டு தேங்காய், தூக்குப்போசி நிறைய சாம்பார் எல்லாம் ஏறின. அதெல்லாம் எடை இல்லை போல.

"உனக்குப் பறக்கணும்னு ரொம்ப நாள் ஆசைன்னு மௌலி சொன்னான்" என்றார் அண்ணா, பெல்ட்டை மாட்டிவிட்டபடி. எனக்கா? எங்கள் ஊர் கோபியில் ஆடிக்குத் தூரி கட்டி ஊஞ்சலாடினால் பக்கத்திலேயே போக மாட்டேன். பேச்சுக்கு ஏதோ சொல்லியிருப்பார் என்று சிரித்து வைத்தேன்.

மேலே ஏறிய கொஞ்ச நேரத்தில் என் பக்கத்துக் கதவு டப்பென்று திறந்துகொண்டது. முழுசாக இல்லை, கை நுழையும் அளவு. காற்று இரைச்சலில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. "ஒண்ணும் ஆகாதும்மா. கிளம்புறப்ப சரியாப் பூட்டல போல. இழுத்துப் பிடிச்சுக்கோ" என்றார், பஸ்ஸில் ஷட்டர் கீழே விழுந்த மாதிரி. துப்பட்டாவைக் கைப்பிடியில் கட்டி, மறுமுனையை மணிக்கட்டில் சுற்றி, லப்பக் வரை இழுத்துப் பிடித்துக்கொண்டே வந்தேன். அவர் தன் மதுரைக் காலேஜ் கதைகளை ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டு வந்தார்.

தேனு வீட்டிலிருந்து மௌலிக்குப் போன் செய்து சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று "ஹலோ" என்றேன். "தேனுக்கு ரசம் வெச்சுக் குடுத்தியா?" என்று கேட்டார். பாவம், பயந்துவிட்டார் போலிருக்கிறது.

செப்டம்பர் 10, ஞாயிறு

திரும்பி வந்தோம். கதவு ஒழுங்காக இருந்தது. துப்பட்டாதான் கிழிந்துவிட்டது. நல்ல சுங்குடி.

செப்டம்பர் 14, வியாழன்

சித்து அண்ணாவின் மனைவி ரேணுகா அக்கா வந்தார். கொத்தமல்லித் தொட்டி, ஒரு பை எலுமிச்சம்பழம் எல்லாம் கொண்டுவந்தார். அக்காவும் அண்ணாவோடு பறப்பதில்லை. மைக்ரேனாம். போன மாதம் சிகாகோவுக்குப் பெரிய விமானத்தில் போனபோது வரவில்லையாம். தலைவலிக்குக்கூடச் சின்னது பெரியது தெரிகிறது.

கதவுக் கதையை அவரிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"மௌலிதான் போகச் சொன்னானா?"

"ஆமாங்க்கா. அவரேதான்."

காபியை அப்படியே கீழே வைத்தார். பிறகு, "நீ கார் ஓட்டக் கத்துக்கோ. நான் சொல்லித் தர்றேன். பெர்மிட் எடு, அடுத்த வாரமே ஆரம்பிச்சிருவோம்" என்றார். ஆறு வருடமாகப் பழக்கம், ஒரு நாளும் இந்தப் பேச்சு வந்ததில்லை. இப்போது என்ன அவசரமோ.

செப்டம்பர் 23, சனி

இன்றைக்கு நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு மாவு அரைக்கிறேன்.

அண்ணா போன தடவையே பெருமையாக ஒன்று சொல்லியிருந்தார். மேகத்துக்குள் நுழைந்து ஓட்டத் தனியாகப் படித்து லைசென்ஸ் வாங்க வேண்டும், தன்னிடம் அது இல்லை, வெளியே பார்த்து ஓட்டுகிற லைசென்ஸ்தான் இருக்கிறது என்று. இன்றைக்குப் பாதி வழியில் எதிரே வெள்ளையாக நின்றது. திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். "சுத்திப் போனா அரை மணி நேரம் வேஸ்ட்டு. உள்ள பூந்து வந்துருவோம்" என்றார்.

உள்ளே போனதும் இறக்கைகூடத் தெரியவில்லை. பால் பாத்திரத்துக்குள் விழுந்த மாதிரி எங்கும் வெள்ளை. அதைவிடப் பயமாக இருந்தது, அண்ணா பேச்சை நிறுத்திவிட்டார். தூங்கும்போதும் பேசுவார் என்று அக்கா கேலி செய்கிற மனிதர். கழுத்தில் வேர்வை வழிந்து காலரை நனைத்தது. என் உடம்பு நேராக உட்கார்ந்திருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது. வெளியே வந்து விழுந்தபோது தரை கீழே இல்லை, என் ஜன்னல் பக்கம் இருந்தது. ஒரு வீட்டுக் கூரையும், கொல்லையில் காயப்போட்டிருந்த துணியும் தெரிந்தன. அவர் ஏதோ பிடித்து இழுத்தார், தரை தன் இடத்துக்குப் போனது.

கொஞ்ச நேரம் கழித்துப் பழையபடி சிரித்தார். "மௌலிகிட்ட இதெல்லாம் சொல்ல வேணாம்மா. அன்னைக்கே அவன் ரொம்பப் பயந்துட்டான்."

எந்த அன்றைக்கு என்று கேட்டிருக்கலாம். வாந்தியை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

தேனு என் முகத்தைப் பார்த்து, "என்னக்கா, வெளுத்துக் கெடக்கறே?" என்றாள். பசி என்று சொல்லிவிட்டேன். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பவளிடம் வேறு என்ன சொல்ல.

செப்டம்பர் 27, புதன்

மௌலியிடம் சொன்னேன். அண்ணா சொல்ல வேண்டாம் என்றாலும் சொன்னேன், புருஷனிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. அடுத்த தடவை காரில் போகலாமே, நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி நிறுத்திப் போனால் முதுகு தாங்காதா என்று கேட்டேன்.

டிஷ்வாஷரில் தட்டுகளை அடுக்கிக்கொண்டே பேசினார். "இப்பத்தான் ஃபைலு அண்ணன் கைக்கு வந்திருக்குது மங்கை. இந்த நேரத்துல வேண்டாம்னு சொன்னா மூஞ்சில அடிச்சாப்ல இருக்கும். அவரே ஆசைப்பட்டுக் கூட்டீட்டுப் போறாரு."

"எனக்குப் பயமா இருக்குதுங்க."

"இருவது வருஷமா ஓட்டறவரு. ஒண்ணும் ஆவாது."

இருபது வருடம் இல்லை, ஐந்து வருடம்தான் என்று அண்ணாவே சொல்லியிருக்கிறார். மௌலிக்குத் தெரியாது போலிருக்கிறது. தட்டுகளைத் தப்பாக அடுக்கியிருந்தார், எடுத்து மறுபடி அடுக்கினேன்.

அக்டோபர் 7, சனி

இன்றும் போனேன். ஒன்றும் நடக்கவில்லை. வெயில், நீல வானம், கீழே பருத்திக் காடு வெடித்து வெள்ளையாகக் கிடந்தது. அண்ணா முன்னால் இருக்கும் முள்ளெல்லாம் எதற்கென்று சொல்லிக் கொடுத்தார். இது உயரம், இது வேகம். உயரத்தின் முள் கடிகார முள் மாதிரி சுற்றுகிறது. அழகாகத்தான் இருந்தது. இவ்வளவு நல்ல மனிதரைச் சந்தேகப்பட்டோமே என்றுகூடத் தோன்றியது. இதையும் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 12, வியாழன்

கோவில் பார்க்கிங்கில் கார் பழகுகிறேன். ரேணுகா அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "பிரேக்கை மிதி, மாட்டை உதைக்கிற மாதிரி உதைக்காதே" என்கிறார். இன்றைக்கு ஹைவேயில் ஏற்றிவிட்டார். லாரி பக்கத்தில் வந்தபோது கண்ணை மூடிக்கொள்ளலாம் போல இருந்தது. மூடவில்லை. வீட்டுக்கு வந்து மௌலியிடம் சொன்னால், "இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்றார்.

தேனுவுக்கு வளைகாப்பு நாள் குறித்தாயிற்று. வருகிற இருபத்தெட்டு. வீட்டோடு, சின்னதாக.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. அண்ணா விமானத்துக்கும் பூஜை போட வேண்டும் என்று எங்களை எல்லாம் ஹேங்கருக்குக் கூப்பிட்டிருந்தார். விமானம் நிறுத்தும் தகரக் கொட்டகையைத்தான் ஹேங்கர் என்கிறார்கள். வாழைக்கன்று கிடைக்காததால் அக்கா பிளாஸ்டிக் தோரணம் கட்டினார். பொரி, கடலை, பூசணிக்காய், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். பக்கத்துக் கொட்டகை வெள்ளைக்காரர் வந்து பொரி வாங்கித் தின்றுவிட்டுப் போனார்.

"பொட்டு வைக்கிறது நம்ம மங்கைதான்" என்றார் அண்ணா. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, மூக்கில், இறக்கையில், கதவில், வாலில் வைத்துக் குங்குமம் இட்டேன். அண்ணா உட்காரும் பக்கம், கதவுக்குச் சற்று முன்னால், பத்துப் பைசா அளவில் ஒரு வட்டத் தகடு இருந்தது, நடுவில் குட்டி ஓட்டை. பொட்டுக்கென்றே வைத்த இடம் போல இருந்தது. அங்கே பெரிதாக ஒன்று அப்பினேன். அண்ணா வீடியோ எடுத்தபடி, "சூப்பர்மா, இப்பத்தான் லட்சணமா இருக்கு" என்றார்.

எல்லோரும் ஒவ்வொருவராக உள்ளே உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ரேணுகா அக்காகூட உட்கார்ந்தார், நிற்கிற விமானம்தானே. மௌலி மட்டும் உட்காரவில்லை. "நான் எடுக்கறேன், நீங்க உக்காருங்க" என்று கேமராவைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

அக்டோபர் 28, சனி

தேனுவுக்கு வளைகாப்பு நன்றாக நடந்தது. அதை முதலில் எழுதிவிட வேண்டும், அது அவளுடைய நாள்.

காலையில் ஏற்பாடு இப்படி. சீர்த்தட்டு, பாத்திரங்கள், சித்திரான்னம் எல்லாம் காரில். மௌலியும் ரேணுகா அக்காவும் காரில். நான் அண்ணாவோடு. "முதுகு?" என்று மௌலியைக் கேட்டேன். "ஒரு நாளைக்குத்தான, தாங்கிக்கறேன்" என்றார். சாமான் இறக்க ஆள் வேண்டுமே என்று நானும் விட்டுவிட்டேன். விட்டேனா, யோசிக்க விரும்பவில்லையா, இப்போது எனக்கே தெரியவில்லை.

அண்ணா தாமதமாக வந்தார். விமானத்தைச் சுற்றிக்கூடப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தார். வழியும் வேகமும் காட்டும் டேப்லெட்டில் சார்ஜ் இல்லையாம், போட மறந்துவிட்டாராம். பூஜைப் பொட்டெல்லாம் அப்படியே காய்ந்து இருந்தது.

தரையைவிட்டு எழும்பியதும் வேகத்தின் முள் இறங்க ஆரம்பித்தது. இறங்கி இறங்கிப் படுத்தே விட்டது. "வேகம் போச்சு, வேகம் போச்சு" என்று கத்திக்கொண்டு அண்ணா மூக்கைக் கீழே அழுத்தினார். எதிரே மரங்கள் பெரிதாகிக்கொண்டு வந்தன. கீழே வந்ததும் முள் எழுந்தது. மேலே தூக்கினார், மறுபடி படுத்தது. மறுபடி அழுத்தினார். இந்தத் தடவை மரம் இலை இலையாகத் தெரிந்தது. நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கி, "அண்ணா, முள்ளைப் பாக்காதீங்க, வெளிய பாருங்க! வேகமாத்தான் போறோம்!" என்று கத்தினேன். விமானம் ஓட்ட எனக்கு என்ன தெரியும். ஆனால் மரம் பின்னால் ஓடுகிற வேகம் பஸ்ஸில் போகிறவளுக்குத் தெரியாதா.

மேலே போனோம். உயரத்தின் முள் கிளம்பிய இடத்திலிருந்து அசையவே இல்லை. அதையும் காட்டினேன். விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"திரும்பிடலாம்ணா."

"திரும்பினா மானம் போயிரும்மா. அவங்க காருல பாதி தூரம் போயிருப்பாங்க. பூஜை போட்ட பிளேன், ஒண்ணும் ஆகாது."

அந்த இரண்டு மணி நேரத்தை எழுதப் பிடிக்கவில்லை. லப்பக் பக்கத்துச் சின்ன ஓடுபாதையில் இறங்கும்போது வேகம் குறைந்தால் விழுந்துவிடுவோம் என்று பயந்து வெகு வேகமாக வந்தார். மோதி எழும்பி, மோதி எழும்பி, பாதை முடிந்து, முன்சக்கரம் புல்லில் இறங்கி நின்றது. உதடு பல்லில் குத்தி ரத்தம்.

அண்ணா இறங்கிச் சுற்றி வந்தார். தன் கதவுக்கு முன்னால் நின்றார். நகத்தால் எதையோ சுரண்டினார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உன் பொட்டும்மா! காத்து போற ஓட்டையை அடைச்சுட்டே. அதான் முள்ளெல்லாம் செத்துப் போச்சு. கிளம்புறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாக்கணும்னுதான் சொல்லிக் குடுப்பாங்க. யாரு பாக்குறா!"

சுரண்டின சந்தனம் அவர் நகத்தில் இருந்தது. எனக்கு முதலில் குற்ற உணர்ச்சிதான் வந்தது, வெட்கக்கேடு. நான் பொட்டு வைத்தபோது அவர் வீடியோ எடுத்துக்கொண்டே நின்றது தேனு வீட்டுக்குப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

வளைகாப்பில் அந்தக் கதையை எல்லோரிடமும் சொன்னார். மங்கை தங்கச்சி பொட்டு வைத்து விமானத்தின் கண்ணைக் குத்திவிட்டது என்று. எல்லோரும் சிரித்தார்கள். மௌலியும் சிரித்தார். என் உதடு வீங்கியிருப்பதை அவர் பார்த்தார், பார்த்துவிட்டுத்தான் சிரித்தார்.

அடுப்படியில் நான் எலுமிச்சம்பழ சாதம் கிளறிக்கொண்டிருந்தபோது ரேணுகா அக்கா வந்து கதவைச் சாத்தினார்.

"போதும் மங்கை. இனி அவருகூட ஏறாதே."

"இப்பச் சொல்றீங்களேக்கா."

"மௌலி சொல்லியிருப்பான்னுதானே நெனச்சேன். அவன் போன தை மாசம் போனானே. நடுவுல பெட்ரோல் தீந்து எஞ்சின் நின்னு போச்சு. யாரோட காட்டுலயோ கொண்டுபோய் இறக்குனாரு. எங்க வீட்டு சோபால உக்காந்து அப்படி அழுதான். செத்தாலும் இனி ஏற மாட்டேன்னான். உன் வீட்டு ஆளு யாரையும் ஏத்தாதேடா, நான் சொன்னா இந்த மனுஷன் கேக்க மாட்டாருன்னு சொல்லித்தான் அனுப்பினேன்."

நான் அடுப்பை அணைத்தேன்.

"அதுக்கப்புறமும் இவரு ஆபீசுல விடாம வா வான்னு நச்சரிச்சிருக்காரு. இவனுக்குத் தட்ட முடியல. எனக்கு வேணாம்ணே, என் வொய்ஃபுக்குத்தான் ரொம்ப ஆசை, அவளைக் கூட்டிட்டுப் போங்கன்னானாம். நேத்துதான் இவரு பேச்சோட பேச்சா சொன்னாரு."

எனக்கு ஆசை. எனக்குத்தான் ஆசை. தேனு ஒரு சாக்கு. முதுகும் ஒரு சாக்கு. அவர் இடத்தில் என்னை உட்கார வைத்திருக்கிறார்.

"நீங்களும்தான் சொல்லல" என்றேன்.

"எம் புருஷனைப் பத்தி நானே எப்படி மங்கை..." என்று நிறுத்திவிட்டார். கார் சொல்லிக் கொடுத்தாரே, அது அவரால் முடிந்தது. அவர்மேலும் கோபம்தான்.

வெளியே போய்த் தேனுவுக்கு வளையல் அடுக்கினேன்.

எல்லோரும் போன பிறகு, மாலையில் பால்கனியில் மௌலி பாய் மடித்துக்கொண்டிருந்தார். "தை மாசம் எந்தக் காட்டுல எறங்குனீங்க?" என்று கேட்டேன். பாயைக் கீழே வைத்தார். மழுப்பவில்லை, அந்த மட்டுக்கும்.

"அண்ணன் மனசு கோணிரக் கூடாதுன்னு..."

"நான் செத்திருந்தா?"

"நீ போறப்பெல்லாம் எறங்கற வரைக்கும் நான் சாமி ரூமை விட்டு வெளிய வர்றதில்ல மங்கை. சத்தியமா. கும்பிட்டுட்டேதான் இருப்பேன்."

அவர் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தாராம். நான் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருடம் ஒரே தட்டில் சாப்பிட்ட மனிதர்.

அக்டோபர் 29, ஞாயிறு

காலையில் எல்லோரும் அந்த ஓடுபாதைக்குப் போனோம், என்னை விமானத்தில் ஏற்றிவிட. அண்ணா மிச்சச் சந்தனத்தையும் துடைத்துவிட்டு, எல்லாம் சரி என்று விசிலடித்துக்கொண்டிருந்தார். மௌலி காரிலிருந்து என் பையை இறக்கினார். நேற்று அவ்வளவு பேசிய பிறகும் இறக்கினார். அதைப் பார்த்துத்தான் என் மனசு முடிவுக்கு வந்தது.

பையை அவர் கையிலிருந்து வாங்கி மறுபடி காரில் வைத்தேன். சாவி காரிலேயே இருந்தது. ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினேன்.

"அக்கா, நீங்க பக்கத்துல உக்காருங்க. எனக்கு பெர்மிட்தான், லைசென்ஸ் இருக்கறவங்க ஒருத்தர் வேணும்." ரேணுகா அக்கா உடனே ஏறிவிட்டார்.

"அண்ணா, இன்னைக்கு இவரைக் கூட்டீட்டுப் போங்க. கார்ல ஆறு மணி நேரம் இவருக்கு முதுகு தாங்காது."

அண்ணா கையைத் தட்டினார். "வாடா மௌலி! நீ கூட வந்து வருஷம் ஆகப்போகுது. ஏறு ஏறு!"

மௌலி என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மேகத்திலிருந்து வந்த அன்று தேனு என்னிடம் பார்த்தது இதைத்தான் போலிருக்கிறது. அண்ணா அவர் தோளில் கைபோட்டு நடத்திக்கொண்டு போனார். பாதி தூரம் போனார்கள். ஏறிவிடுவாரோ என்று எனக்குப் பயம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஏறப் போனால் ஓடிப்போய் இழுத்திருப்பேன். என் புத்தி அப்படி.

அவர் நின்றார். தோளிலிருந்து கையை எடுத்தார்.

"அண்ணே, நான் வரலீங்க. எனக்குப் பயமா இருக்குது. நீங்க ஓட்டறது எனக்குப் பயம்."

நன்றாகக் கேட்டது. குரல் உடைந்தது, ஆனால் தெளிவாகச் சொன்னார்.

வானம் இடிந்து விழும் என்று நினைத்தேன். ஃபைல் கிழியும், வேலை போகும், மூட்டை கட்ட வேண்டும் என்று இத்தனை நாள் எங்கள் வீடே நடுங்கிக்கொண்டிருந்தது இந்த நிமிடத்துக்காகத்தான். அண்ணாவின் முகம் சுருங்கியது. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேடா" என்றார். "சரி விடு. கார்லயே போ."

அவ்வளவுதான். விமானத்தைப் பார்த்து நடந்துவிட்டார்.

எனக்காக இரண்டு மாதம் சொல்ல முடியாத வார்த்தையைத் தனக்காக ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அக்கா டிஷ்யூ கொடுத்தார். துடைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

மௌலி பின்சீட்டில் இட்லிக் கொப்பரைக்கும் சீர்த்தட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் பருத்தி, காற்றாலை, மறுபடி பருத்தி. முழுத் தூரமும் நானே ஓட்டினேன். லாரிகள் வந்தன, போயின. ஃபிரிஸ்கோ நெருங்கும்போது, "அண்ணன் எறங்கீட்டாராம், மெசேஜ் போட்டிருக்காரு" என்றார் பின்னாலிருந்து. நான் இண்டிகேட்டரைப் போட்டுத் திரும்பினேன்.

நவம்பர் 17, வெள்ளி

லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. போட்டோவில் கொலைகாரி மாதிரி இருக்கிறேன். நாளைக்குத் தேனு வீட்டுக்குப் போகிறேன், பிள்ளை பிறக்கும்வரை அங்கேதான். பிறகு என்ன என்று இன்னும் தெரியாது. மாவு, பருப்புப் பொடி, என் துணிகள், புடவைகள் எல்லாம் காரில் ஏற்றியாயிற்று. மௌலி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஃபைல் நகர்ந்துவிட்டது என்று சொன்னார். சந்தோஷம் என்றேன்.

"நானும் வரட்டுமா மங்கை? பின்னாடி இடம் இருக்குதே."

"வேண்டாங்க. நீங்க ஏறுனா எடை கூடிரும்" என்றேன்.